மாணவரும் சமூக ஆராய்ச்சியும்

பௌதிகம் பயிலும் மாணவர்க்கு ஆய்வுக்கூடம் உண்டு. தாவரவியல் பயிலும் மாணவர்க்குத் தோட்டம் உண்டு. மக்கள் கூடி வாழும் முறையை ஆராயும் சமூகவியலுக்கு ஆய்வுக்கூடம் எது? தெருவே அதன் ஆய்வுக்கூடம். சென்னை மாணவர்க்கு அக்கூடம் வீட்டு வாயிலிலேயே திறந்து கிடக்கிறது. மயிலாப்பூரின் மாட வீதிகளிலும், தியாகராய நகரின் கடைத்தெருக்களிலும், அடையாற்றின் குடியிருப்புகளிலும் நாள்தோறும் நடப்பவற்றுள் ஆராயத் தகாதது என்று ஒன்றும் இல்லை.

ஆயினும், மாணவர் செய்யும் சமூக ஆராய்ச்சியைப் பெரியோர் பலர் மதிப்பதில்லை. “சிறுவர் நான்கு பேரை நான்கு கேள்வி கேட்டு எழுதுவது ஆராய்ச்சி ஆகுமா? அது மதிப்பெண்ணுக்காக நடக்கும் சடங்கு” என்பது அவர்கள் கூற்று. இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. சடங்காகச் செய்தால் எதுவும் சடங்கே. ஆனால், செய்பவர் மாணவர் என்பதாலேயே செயல் பயனற்றது என்பது பொருந்தாது. அதனை மறுக்கும் சான்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1915ஆம் ஆண்டின் இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர் சென்னைக்கு வந்தார். ஆக்ஸ்போர்டு நகரில் ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்த அவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்தின் முதற் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அவர் பாடம் சொல்வதோடு நிற்கவில்லை. மாணவரிடம் வினாத்தாள்களைக் கொடுத்து, விடுமுறையில் தத்தம் ஊர்களை ஆராய்ந்து எழுதி வருமாறு பணித்தார். மாணவரும் அவ்வாறே சென்றனர். ஊரில் எத்தனை வீடுகள், எந்தெந்தச் சாதியார் எத்தனை பேர், நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்டு எழுதினர். 1916ஆம் ஆண்டில் நடந்த அவ்வாராய்ச்சியின் பயனாகத் தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய நூல் ஒன்று 1918ஆம் ஆண்டில் வெளிவந்தது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்து வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் ஆகிய ஊர்கள் அதில் இடம்பெற்றன.

அந்நூலின் கதை அத்துடன் முடியவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராயச் செய்து, 1940ஆம் ஆண்டில் மறு ஆய்வு நூலை வெளியிட்டனர். அடையாறு காந்தி நகரில் இருப்பது சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். மால்கம் ஆதிசேஷையா 1971ஆம் ஆண்டில் நிறுவிய அந்நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகன், அமெரிக்க மானிடவியலார் ஜோன் மென்ச்சருடன் சேர்ந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் இருவேல்பட்டுக்குச் சென்றார். 2008ஆம் ஆண்டிலும் அறிஞர் சிலர் அதே ஊரை ஆராய்ந்தனர். ஓர் ஊரின் வாழ்க்கை ஒரு நூற்றாண்டில் எவ்வாறு மாறியது என்பதை அறிய விரும்புவோர் அனைவரும் தொடங்க வேண்டிய இடம், விடுமுறையில் ஊர் சென்ற மாணவர் எழுதிய தாள்களே!

அத்தாள்கள் நிலைத்தமைக்குக் காரணம் யாது? அவற்றை எழுதியவர் பேரறிஞர் அல்லர். சொல்லலங்காரமும் அவற்றின் பெருமைக்குக் காரணம் அன்று. ‘ஊர் வறுமையில் வாடுகிறது’ என்று எழுதியிருந்தால் அவ்வெழுத்து அன்றே மறைந்திருக்கும். கூலி எவ்வளவு என்று எண்ணி எழுதியமையால், இருபது ஆண்டு கழித்து வந்தவர் தம் கணக்கை அதனோடு ஒப்பிட முடிந்தது. எண்ணத் தக்கதை எண்ணி, கேட்டதைக் கேட்டவாறே எழுதியதே அம்மாணவர் செய்த அருஞ்செயல். அது பள்ளி மாணவர்க்கும் எட்டாத செயல் அன்று.

அவர்கள் ஆராய்ச்சிக்கும் ஒரு குறை இருந்திருக்கக் கூடும். அக்காலத்தில் கல்லூரி வரை சென்றவர் பெரும்பாலும் நிலமும் வசதியும் உடைய குடும்பத்தினர். தம் ஊரையே ஆராய்ந்த அவர்கள், அதனைத் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தனரா, சேரியின் குடிசை வாயிலிலிருந்தும் பார்த்தனரா? நிலவுடைமையாளர் மகன் வந்து கூலியைப் பற்றிக் கேட்டபொழுது கூலியாள் அஞ்சாமல் விடை சொல்லியிருப்பாரா? இவ்வினாக்களை அந்நூலைப் படிப்போர் எழுப்பியே தீர வேண்டும். இன்றைய மாணவரும் ஆராய்ச்சியைத் தொடங்கு முன், ‘யான் எங்கே நின்று பார்க்கிறேன்? எனக்கு விடை சொல்பவர் என்னை யார் என்று எண்ணுகிறார்?’ என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று.

அடுத்து, ஆராய்ச்சிக்கு உரிய பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொருள் வேறு, வினா வேறு. ‘தியாகராய நகரின் வணிகம்’ என்பது பொருள். அதனை ஆயுள் முழுவதும் ஆராய்ந்தாலும் முடியாது. 1920களில் ஏரி நிலத்தைத் திருத்தி அமைத்த அந்நகர், இன்று துணிக்கும் நகைக்கும் பாத்திரத்துக்கும் பேர்போன பெருஞ்சந்தை. அதன் ஒரு மூலையைப் பற்றிய ஒரு கேள்வியே மாணவர்க்குப் போதுமானது. பாண்டி பஜாரை எடுத்துக்கொள்வோர், அங்கு நடைபாதையில் கடை பரப்பியிருந்த வணிகர் பலர் 2013ஆம் ஆண்டில் மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டதை அறிவர். 2019ஆம் ஆண்டு நவம்பரில் அச்சாலை அகன்ற நடைபாதைகளுடன் புதுப்பொலிவு பெற்றது. ‘வளாகத்துக்குள் சென்ற வணிகரின் விற்பனை கூடியதா, குறைந்ததா? ஏன்?’ என்று கேட்டால் அது வினா. இதற்கு விடை உண்டு. விடை சொல்லத் தக்கவரும் அங்கேயே உளர். நான்கு மாணவர் சில வாரங்களில் விசாரித்து முடிக்கவும் கூடும்.

இங்கே ஓர் இடர் காத்திருக்கிறது. மாணவர் பலர் விடையை முன்னரே முடிவு செய்துகொண்டு புறப்படுகின்றனர். நடைபாதையில் நடக்க இடமின்றி வருந்தியவர், ‘வளாகம் வந்தது நன்மையே’ என்று மெய்ப்பிக்கச் செல்கிறார். வணிகர்பால் இரக்கம் கொண்டவர், ‘ஏழையின் பிழைப்பு கெட்டது’ என்று மெய்ப்பிக்கச் செல்கிறார். இருவரும் செய்வது ஆராய்ச்சி அன்று, வழக்காடுதலே. தம் எண்ணம் பொய்த்துப் போகவும் கூடும் என்று ஒப்புக்கொண்டு செல்பவரே ஆராய்ச்சியாளர். இலண்டனில் 1886ஆம் ஆண்டில் மக்கள் வாழ்க்கையை ஆராயத் தொடங்கிய சார்லஸ் பூத் பெரும் கப்பல் வணிகர், செல்வர். அந்நகர மக்களுள் நூற்றுக்கு முப்பதின்மர்க்கு மேல் வறுமையில் உழல்கின்றனர் என்று அவர் கணக்குக் காட்டிற்று. செல்வம் கொழிக்கும் நகருக்கு அது பெருமை தரும் செய்தி அன்று. ஆயினும், பூத் அதனை மறைக்கவில்லை. தெருத்தெருவாக வண்ணம் தீட்டிய படங்களுடன் வெளியிட்டார்.

வினா அமைந்த பின், யாரை, எப்பொழுது கேட்பது என்று திட்டமிட வேண்டும். ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழியை நம்பி, முதலில் எதிர்ப்பட்ட பத்துப் பேரைக் கேட்டுவிட்டுத் திரும்புவோர் உளர். பானைச் சோறு ஒரே அரிசி. ஒரே உலையில் ஒரே நேரம் வெந்தது. மக்கள் அத்தகையர் அல்லர். வளாகத்தின் வாயிலை ஒட்டிய கடைக்காரரும், மேல் தளத்தின் கோடியில் இருப்பவரும் ஒரே விடை சொல்வரா? ஆதலின், எல்லாத் தளங்களிலும், எல்லா மூலைகளிலும், சிறு கடை பெருங்கடை என்று பாராமல், ஒழுங்கான ஒரு முறைப்படி ஆட்களைத் தேர்ந்து கேட்டல் வேண்டும். ஐந்து கடைக்கு ஒரு கடை என்று எண்ணிச் செல்வது எளிய முறை.

காலமும் கருதத் தக்கது. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளில் எத்தனை தெருவோர வணிகர் உளர் என்று எண்ணப் புகும் மாணவர், காலை வேளை மட்டும் சென்றால் மாலையில் மட்டும் கடை பரப்புவோரைக் காணமாட்டார். நவராத்திரியை ஒட்டிச் சென்றால் வடக்கு மாட வீதி கொலுப் பொம்மைகளால் நிறைந்திருக்கும். வேறு மாதத்தில் அவ்வணிகர் இரார். பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று எண்ணினால் கணக்கு வேறு. மறுவாரம் எண்ணினால் வேறு. எந்த நாள், எந்த வேளை எண்ணப்பட்டது என்று சொல்லாத கணக்கு, ஊர்ப்பெயர் இல்லாத முகவரி போன்றது.

இதில் என்ன பெரும் கேடு வந்துவிடும் என்று சிலர் நினைக்கலாம். தெருவோர வணிகரைக் காக்க 2014ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையேனும் வணிகரைக் கணக்கெடுக்க வேண்டும் என்றும், கணக்கில் வந்தவர்க்குச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும், அது முடியும்வரை எவரையும் அப்புறப்படுத்தலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. எனவே, எண்ணப்பட்டவர்க்கு உரிமை உண்டு. எண்ணப்படாதவர் நிலை என்ன? கணக்கெடுத்த வேளையில் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்த ஒரு தாய், அத்தாளில் இல்லாதவர் ஆகிறார். மாணவர் எழுதும் தாள் எவர்க்கும் சான்றிதழ் தருவதன்று. ஆனால், நாளை அலுவலராகிக் கணக்கெடுக்கப் போகிறவர் இன்றைய மாணவரே. விட்டுப்போன ஒருவரைத் தேடி மீண்டும் செல்லும் பழக்கம் பள்ளியில் வாராவிட்டால், பின்னர் எங்கே வரும்?

கேட்கும் முறை ஒரு தனிக் கலை. முதலில், தாம் இன்ன பள்ளி மாணவர், இன்ன நோக்கத்துக்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, இசைவு பெற வேண்டும். ‘அம்மா’, ‘ஐயா’ என்று உரிய மரியாதையுடன் அழைக்க வேண்டும். வணிகம் மும்முரமாக நடக்கும் வேளையில் குறுக்கே நிற்றல் ஆகாது. விடை சொல்ல விருப்பமில்லை என்றால், வணங்கி அகல வேண்டும். அவர் நேரமும் அவர் வாழ்க்கையும் அவருடையவை. அவர் பெயரையோ கடை இன்னது என்று காட்டும் அடையாளத்தையோ அறிக்கையில் வெளியிடலாகாது. இசைவின்றிப் படம் பிடிப்பதும் தகாது.

வினாவின் சொல் விடையை மாற்றும் என்பதையும் மறத்தல் ஆகாது. பூ விற்கும் ஓர் அம்மையாரிடம், “உங்கள் மாத வருமானம் எவ்வளவு, அம்மா?” என்று கேட்டால் அவர் திகைப்பார். அவர் வாழ்க்கையில் மாதம் என்னும் கணக்கு இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு கணக்கே. “இன்று எவ்வளவுக்குப் பூ வாங்கினீர்கள்? இதுவரை எத்தனை முழம் விற்றது? விற்காத பூவை என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் அவர் தடையின்றிச் சொல்லுவார். “கடன் உண்டா?” என்ற கேள்விக்கு “இல்லை” என்று விடையளிப்பவரே, “தண்டல் கட்டுகிறீர்களா?” என்று கேட்டால், நாள்தோறும் கட்டும் தொகையைச் சொல்லவும் கூடும். மக்கள் வழங்கும் சொல்லை அறியாமல் மக்களை அறிய முடியாது. ஆதலால், வினாத்தாளை முடிவு செய்யுமுன், ஐந்தாறு பேரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளுதல் அறிவுடைமை. “வளாகத்துக்கு வந்ததால் துன்பப்படுகிறீர்கள் அல்லவா?” என்பது போல, விடையை வினாவுக்குள்ளேயே வைத்துக் கேட்பதை அறவே விலக்க வேண்டும்.

கேட்டதை அன்றே எழுதி வைக்க வேண்டும். நினைவு நம்பத் தக்க ஏவலாள் அன்று. நேற்றுக் கேட்டதில் பாதியை மறந்து, மறந்த பாதியைத் தானே இட்டு நிரப்பும் இயல்புடையது. எழுதியதற்குப் படி எடுத்து, வேறு வேறு இடங்களில் வைத்தல் அதனினும் இன்றியமையாதது. இந்தியச் சமூகவியலில் பெரும்புகழ் பெற்ற எம். என். ஸ்ரீநிவாஸ், 1948ஆம் ஆண்டில் மைசூரை அடுத்த ஓர் ஊரில் தங்கி, அதன் வாழ்க்கையை ஆராய்ந்தார். அக்குறிப்புகளைப் பல ஆண்டுகள் உழைத்து ஒழுங்குபடுத்தி, மூன்று படிகள் வைத்திருந்தார். 1970ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் அவர் தங்கியிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் தீயோர் தீ வைத்தனர். மூன்று படிகளும் அவருடைய அறையிலேயே இருந்தமையால் ஒருங்கே அழிந்தன! அவர் மனம் தளராமல், நினைவையே துணையாகக் கொண்டு எழுதிய நூல் 1976ஆம் ஆண்டில் வெளிவந்து, சிறந்த நூலாகப் போற்றப்பட்டது. ஆயினும், அந்நினைவுக்கு அடித்தளம் அவர் அவ்வூரில் வாழ்ந்து பெற்ற பழக்கம் என்பதையும், அத்தகைய பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று என்பதையும் உணர வேண்டும்.

மாணவர் ஆராய்ச்சிக்குப் பெரும்பகையாவது எது? அறியாமை அன்று, பொய்யே. நாற்பது தாள்களில் இருபத்தைந்தை விசாரித்து எழுதிவிட்டு, வெயிலுக்கு அஞ்சி, எஞ்சிய பதினைந்தை நிழலில் அமர்ந்து தாமே நிரப்பும் மாணவர் இல்லாமல் இல்லை. ‘யாருக்குத் தெரியப் போகிறது?’ என்று அவர் எண்ணுகிறார். அந்தப் பதினைந்து தாள்கள் தம்மை மட்டும் கெடுப்பதில்லை. உண்மையான இருபத்தைந்தையும் கெடுக்கின்றன. பாலில் கலந்த நீரைப் பிரித்தெடுக்க வழியில்லை அன்றோ? மெய்யாக விடை சொன்ன இருபத்தைந்து பேரின் உழைப்பும் நேரமும் வீணாயின. அவர்கள் வாய்ச்சொல்லோடு அவர்கள் சொல்லாததும் சேர்ந்து, அவர்கள் பெயரால் உலவுகிறது. வெற்றுத்தாள் வெட்கத்துக்கு உரியதன்று. ‘பதினைந்து பேரைக் காண இயலவில்லை’ என்று எழுதினால், அதுவும் ஒரு செய்தி. ‘ஒன்பது பேர் கடனைப் பற்றிச் சொல்ல மறுத்தனர்’ என்பது சில வேளைகளில் மற்ற விடைகளினும் பெரிய செய்தி.

முடிவை எழுதுங்கால் அடக்கம் வேண்டும். வளாகத்தில் 20 பேரைக் கேட்டு, அவருள் 12 பேர் விற்பனை குறைந்தது என்று சொன்னால், ‘20 பேருள் 12 பேர் குறைந்தது என்றனர்’ என்று எழுதுவதே முறை. ‘நூற்றுக்கு அறுபது வணிகர் நலிந்தனர்’ என்று எழுதினால், கேளாத வணிகர்க்கும் சேர்த்துப் பேசியதாகும். கூடியது என்று சொன்ன எஞ்சியோரைப் பற்றியும் மறைக்காமல் எழுத வேண்டும். அவர்க்கு மட்டும் கூடியது ஏன் என்று ஆராயப் புகுந்தால், உண்மையான ஆராய்ச்சி அங்கேயே தொடங்கும். வாயிலை ஒட்டிய கடையா, பழைய வாடிக்கையாளரா, விற்கும் பொருளின் இயல்பா என்று தேடும்பொழுதுதான், எதிர்பாராத உண்மை ஒன்று எதிரே வந்து நிற்கும்.

அறிக்கையை ஆசிரியரிடம் கொடுத்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணுவதும் பிழை. விடை சொன்னவர் தம் நேரத்தைக் கடனாகக் கொடுத்தவர். அவரிடம் திரும்பிச் சென்று, ‘நீங்கள் சொன்னவற்றிலிருந்து நாங்கள் அறிந்துகொண்டது இது’ என்று எளிய தமிழில் படித்துக் காட்டுதல் அக்கடனை அடைக்கும் வழி. “தம்பி, இது தவறு, நான் சொன்னது வேறு” என்று அவர் திருத்துவாராயின், அதனினும் சிறந்த தேர்வாளர் கிடைப்பது அரிது. தம்மைக் கேட்டுச் சென்றவர் மீண்டும் வந்தார் என்னும் நம்பிக்கை, அடுத்த ஆண்டு செல்லும் மாணவர்க்கும் கதவைத் திறந்து வைக்கும்.

மாணவர் ஆராய்ச்சியால் நாடு உடனே மாறிவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால், அதனைச் செய்த மாணவர் மாறுவர். நாள்தோறும் கடந்து சென்ற தெருவில், முன்பு கூட்டமாகத் தெரிந்தவர் இப்பொழுது தனித்தனி மனிதராகத் தெரிவர். ‘இவர்கள் எல்லாரும் இப்படித்தான்’ என்று யாரேனும் சொன்னால், ‘எத்தனை பேரைக் கேட்டீர்கள்?’ என்று கேட்கும் துணிவு அவர்க்கு வரும். குடியரசில் வாழும் மக்களுக்கு இத்துணிவினும் தேவையானது வேறொன்றில்லை. 1916ஆம் ஆண்டில் தத்தம் ஊருக்குச் சென்ற மாணவர், நூறு ஆண்டு நிற்கும் பணியைச் செய்கிறோம் என்று அறிந்து சென்றிருக்க மாட்டார்கள். கேட்டதைக் கேட்டவாறு எழுதினர். அதனால் அது நின்றது. இன்று மாட வீதியிலும் பாண்டி பஜாரிலும் குறிப்பேட்டுடன் நிற்கும் மாணவர்க்கும் அதே பெருமை காத்திருக்கிறது. அதற்கு அவர் கொடுக்க வேண்டிய விலை ஒன்றே: தாம் கேளாததை எழுதாமை.